கவுண்டி நீதிமன்ற ஆவணங்கள்: பார்வையிடும் உரிமையும் நகல் பெறும் முறையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கடன், வாடகை, மணமுறிவு, உயில், அடிதடி, கொலை என எந்த வழக்கானாலும் பெரும்பாலும் மாநில நீதிமன்றத்துக்கே போகும். அந்த நீதிமன்றம் கவுண்டி எனப்படும் உள்ளாட்சிப் பிரிவின் தலைநகரில் இருக்கும். நாட்டில் 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகளும் அவற்றுக்கு நிகரான பிரிவுகளும் உண்டு. லூசியானாவில் இவற்றுக்குப் பாரிஷ் என்று பெயர், அலாஸ்காவில் பரோ. கனெக்டிகட் 1960-இல் கவுண்டி நிர்வாகத்தையே கலைத்துவிட்டது. வழக்குக் கட்டுகளைக் காத்து வைப்பது நீதிமன்ற எழுத்தரின் பொறுப்பு. பல மாநிலங்களில் இவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூயார்க்கில் கவுண்டி கிளார்க், பென்சில்வேனியாவில் உரிமையியல் வழக்குகளுக்குப் புரோத்தோனோட்டரி என்று பதவிப் பெயர் மாறும், வேலை ஒன்றுதான்.

சீல் வைக்கப்படாத கட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் செலுத்தி நகல் வாங்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது இன்றைய பொதுவிதி. இது உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆயின. உருவான பிறகும், அதைப் பயன்படுத்த முடிந்தவர்கள் யார் என்பதைச் சட்டம் மட்டும் தீர்மானிக்கவில்லை. கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் ஒழுங்காக எழுதப்பட்டதா, பக்கத்துக்கு என்ன விலை, தீயில் போகாமல் தப்பியதா என்பவையும் சேர்ந்தே தீர்மானித்தன.

தொடக்கம்

இங்கிலாந்தின் அரச நீதிமன்றங்கள் வழக்கு விவரங்களைத் தோல் சுருள்களில் இலத்தீனில் எழுதி வைத்தன. 1194-ஐ ஒட்டிய காலத்திலிருந்து இச்சுருள்கள் கிடைக்கின்றன. 1372-இல் பாராளுமன்றத்தின் மக்கள் அவை அரசரிடம் ஒரு முறையீடு வைத்தது: நீதிமன்ற ஆவணங்களைத் தேடவும் நகல் எடுக்கவும் வருபவர்களை அதிகாரிகள் திருப்பி அனுப்புகிறார்கள், இது கூடாது. மூன்றாம் எட்வர்ட் அதை ஏற்றார். பார்வை உரிமையின் வேரைத் தேடும் வழக்கறிஞர்கள் இந்த ஆண்டையே சுட்டுவது வழக்கம். ஆனால் சுருள் கைக்கு வந்தாலும் அதைப் படிக்க இலத்தீனும் நீதிமன்றக் கையெழுத்தும் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்து நீதிமன்றங்களின் பதிவுமொழி 1733-இல்தான் நிலையாக ஆங்கிலமானது.

குடியேறியவர்கள் இந்தப் பழக்கத்தைக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். வர்ஜீனியா 1634-இல் எட்டுப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான, இன்று நார்தாம்ப்டன் எனப்படும் கவுண்டியின் நீதிமன்றப் புத்தகங்கள், அந்தப் பிரிவினைக்கும் முன்பே, 1632 முதல் அறுபடாமல் தொடர்கின்றன. அமெரிக்காவில் இடைவெளியின்றிக் கிடைப்பவற்றுள் மிகப் பழையவை இவையே. ஈஸ்ட்வில் ஊரில் இருக்கின்றன. புகையிலையே நாணயமாகப் புழங்கிய காலம் அது. கடனும் அபராதமும் புகையிலை எடையில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, விடுதலை பெற்று, நிலவுடைமையாளரான ஆன்டனி ஜான்சனைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு இப்புத்தகங்களிலிருந்து வந்தது. அவர் தொடுத்த வழக்கில்தான் 1655-இல் ஜான் கேசர் என்ற கறுப்பர் வாழ்நாள் முழுவதும் அவருக்கே உரியவர் என்று இந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிமைமுறை சட்டத்தில் வேர்விட்ட விதத்தை ஆராய்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது.

உரிமையைத் தெளிவாக எழுதி வைத்தது மாசசூசெட்ஸ். 1641-இல் அங்கே ஏற்கப்பட்ட உரிமைத் தொகுப்பின் 48-ஆம் பிரிவு, ஆட்சிக்குழுவின் ஏடுகள் நீங்கலாக, எந்த நீதிமன்றத்தின், எந்த அலுவலகத்தின் பதிவேட்டையும் குடியிருப்போர் எவரும் தேடிப் பார்க்கலாம் என்றது. குறித்த கட்டணம் கட்டினால், அதிகாரி கையொப்பமிட்டுச் சரிபார்த்த படியையும் பெறலாம். தேடல், பார்வை, சான்றிட்ட நகல், கட்டணம் என இன்றும் கவுண்டி அலுவலகத்தில் நடக்கும் நான்கும் அந்த ஒரே பிரிவில் இருக்கின்றன.

அதே மாசசூசெட்ஸில் 1692-இல் சேலம் சூனிய வழக்குகள் நடந்தன. அதற்கென அமைத்த சிறப்பு நீதிமன்றத்தின் பதிவுப் புத்தகம் தொலைந்துவிட்டது. வாக்குமூலங்களும் கைது ஆணைகளும் விசாரணைக் குறிப்புகளும் உதிரித் தாள்களாகவே தப்பின. எசெக்ஸ் கவுண்டி நீதிமன்றத்துக்குரிய அத்தாள்களில் 500-க்கு மேற்பட்டவை பல்லாண்டுகள் சேலத்தின் அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு, 2023-இல் மாநில உச்ச நீதிமன்ற ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பின. தீர்ப்பு எழுதியவர்களின் புத்தகம் போய், குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் சொன்னது மிஞ்சியதால்தான் அவர்கள் பேச்சை இன்று நாம் கேட்க முடிகிறது.

விடுதலை நாடிய வழக்குகள்

சாதாரணக் கவுண்டி அலுவலகத்தில் எத்தகைய வரலாறு கிடக்கக்கூடும் என்பதற்கு மிசௌரியின் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. தன்னை அடிமையாக வைத்திருப்பது சட்டவிரோதம் என்று கருதுபவர் ஏழை வழக்காளியாக மனு கொடுக்கலாம், நீதிமன்றமே வழக்கறிஞரை அமர்த்தும் என்று மிசௌரி 1824-இல் சட்டம் இயற்றியது. அடிமைமுறை இல்லாத மாநிலத்தில் எசமான் தன்னைக் குடியிருக்க வைத்தார் என்பது வழக்கமான வாதம். பிராது ஒரு குறித்த வடிவில் இருக்கும்: பிரதிவாதி என்னை அடித்தார், சட்டவிரோதமாகச் சிறைப்படுத்தினார், நானோ சுதந்திர மனிதர்.

1846 ஏப்ரல் 6 அன்று டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் இப்படித் தனித்தனியே மனுக் கொடுத்தார்கள். டிரெட் ஸ்காட்டுக்கு எழுதத் தெரியாது. கையொப்ப இடத்தில் ஒரு பெருக்கல் குறியைப் போட்டார். அங்கே தொடங்கிய சட்டப் போராட்டம் 1857-இல் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை போய், கறுப்பர் குடிமகனே ஆக முடியாது என்ற கொடிய தீர்ப்பில் முடிந்தது. அந்த வழக்கை உலகம் அறியும். அதே நீதிமன்றத்தில் விடுதலை கேட்ட மற்றவர்களின் கட்டுகள், உலைக்கரி படிந்து, மூன்றாக மடித்த நிலையில் மற்ற வழக்குகளோடு கலந்து கிடந்தன. மிசௌரி மாநில ஆவணக் காப்பகம் அவற்றைப் பிரித்து, தூசி தட்டி, சமன்படுத்தி வரிசைப்படுத்தியபோது 300-க்கும் மேற்பட்ட விடுதலை வழக்குகள் வெளிப்பட்டன. பெற்றோர் பெயர், பிறந்த இடம், விற்ற ஆண்டு, யார் கையிலிருந்து யார் கைக்கு என்ற விவரங்கள் அவற்றில் உள்ளன. 1850, 1860-ஆம் ஆண்டுகளின் கூட்டரசு அடிமைக் கணக்கெடுப்பில் பெரும்பாலும் வயதும் பாலினமும் நிறமும் மட்டுமே எழுதப்பட்ட மக்கள், இந்தக் கவுண்டித் தாள்களில் பெயரோடு நிற்கிறார்கள். தம் மூதாதையரைத் தேடும் கறுப்பின அமெரிக்கர்களுக்கு இதற்கு ஈடான மூலம் மிகக் குறைவு.

ஆபிரகாம் லிங்கன் வழக்கறிஞராக இருந்த காலமும் இவ்வாறே மீட்கப்பட்டது. 1985-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் ஆய்வாளர்கள் இல்லினாய் கவுண்டி நீதிமன்றங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, அவர் தொடர்புடைய 5,000-க்கும் மேற்பட்ட வழக்குகளைத் திரட்டினார்கள். முடிவு 2000-இல் வெளியானது. லிங்கன் கையெழுத்துள்ள தாள்கள் பலவற்றை நினைவுப்பொருள் தேடியவர்கள் முன்பே கட்டுகளிலிருந்து எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். யாருக்கும் திறந்திருந்த பதிவறையில் காவல் இல்லாததால் வந்த இழப்பு அது.

தீ

கவுண்டி ஆவணங்களின் வரலாற்றில் தீக்குத் தனி இடம் உண்டு. உள்நாட்டுப் போரின்போது கிழக்கு வர்ஜீனியாவின் பல கவுண்டிகள் தம் புத்தகங்களைப் பாதுகாப்புக்காக ரிச்மண்ட் நகருக்கு அனுப்பின. 1865 ஏப்ரல் 3 அன்று, தென்னகப் படை நகரைக் கைவிட்டு வெளியேறியபோது மூண்ட தீயில் அவை சாம்பலாயின. எங்கும் அனுப்பாமல் உள்ளூரிலேயே வைத்திருந்த சில கவுண்டிகளின் புத்தகங்கள் தப்பின. ஆனோவர் கவுண்டியோ தன் பழைய ஏடுகளில் பெரும்பகுதியை ரிச்மண்ட் தீயில் இழந்தது. குடும்ப வரலாறு தேடுபவர்கள் இத்தகைய இடங்களை இன்றும் 'எரிந்த கவுண்டி' என்றே குறிப்பிடுகிறார்கள்.

1871 அக்டோபரில் சிகாகோ பெருந்தீ குக் கவுண்டி நீதிமன்றத்தை விழுங்கியது. நகரின் நிலம் யாருடையது என்று காட்டும் அரசுப் பதிவே இல்லாமல் போனது. தனியார் நிறுவனங்கள் சில, வில்லங்கம் பார்ப்பதற்காக எழுதி வைத்திருந்த குறிப்பேடுகளைத் தீயிலிருந்து காப்பாற்றியிருந்தன. 1872-இல் இல்லினாய் நிறைவேற்றிய 'எரிந்த ஆவணங்கள் சட்டம்' அவற்றை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க வழி செய்தது. 1884-இல் ஒரு கொலை வழக்கின் தீர்ப்பு போதாது என்று கொதித்த கூட்டம் சின்சினாட்டியின் ஹாமில்டன் கவுண்டி நீதிமன்றத்துக்கே தீ வைத்தது.

1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத் தீ எதிர்பாராத ஒரு கதவைத் திறந்தது. பிறப்புப் பதிவுகள் அழிந்ததால், 1882 முதல் சீனர் வருகையைத் தடுத்துவந்த சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள் தாம் இந்நகரில் பிறந்தவர்கள் என்று கோரினார்கள். மறுக்க ஏடு இல்லை. குடியுரிமை பெற்றவர்கள் வழியே, அவர்களுக்குக் காகிதத்தில் மட்டும் பிள்ளைகளான 'காகிதப் பிள்ளைகள்' பலர் சீனாவிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அநீதியான சட்டம் ஒன்று, காகிதம் எரிந்ததால் பலமிழந்தது.

யார் பார்க்கலாம்?

19-ஆம் நூற்றாண்டில் பல நீதிமன்றங்கள், பார்க்க வருபவருக்கு அந்த ஆவணத்தில் சொந்த நலன் இருக்க வேண்டும் என்று கருதின. வழக்கில் தொடர்புடையவர், நிலம் வாங்குபவர், வாரிசு ஆகியோருக்குத் தடையில்லை. செய்தித்தாள்காரருக்கு அப்படியல்ல. 1893-இல் ரோட் ஐலண்டில் ஒரு மணமுறிவு வழக்கின் விவரங்களைப் பத்திரிகைக்காக நகல் எடுக்க விடும்படி கேட்டபோது, வம்புக்குத் தீனி போட நீதிமன்ற ஏடு இல்லை என்று நீதிபதிகள் மறுத்தார்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு மாசசூசெட்ஸில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு வேறொரு அடிப்படையைத் தந்திருந்தது. ஒருவர் மீதான வழக்கை அயலார் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக விசாரணை திறந்திருக்கவில்லை. நீதி வழங்குபவர் தாம் பொதுமக்களின் கண்முன் இருக்கிறோம் என்ற பொறுப்போடு நடக்க வேண்டும் என்பதற்காகவே திறந்திருக்கிறது. இத்துறையில் எழுந்த வாதங்கள் எல்லாவற்றிலும் வலுவானது இதுவே.

20-ஆம் நூற்றாண்டில் சொந்த நலன் நிபந்தனை தேய்ந்தது. 1978-இல், நிக்சனின் வாட்டர்கேட் ஒலிநாடாக்கள் பற்றிய வழக்கில், நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்கவும் நகலெடுக்கவும் பொதுச் சட்டத்தில் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது முழுமையான உரிமை அல்ல, தனிப் பகைக்கோ அவதூறுக்கோ பயன்படுவதைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்றும் சேர்த்துச் சொன்னது. 1980-இல் இன்னொரு வழக்கு வந்தது. ஒரு கொலை வழக்கின் நான்காவது விசாரணையில் நீதிபதி செய்தியாளர்களை வெளியேற்றினார். குற்றவியல் விசாரணையைக் காண மக்களுக்கு அரசியலமைப்பே உரிமை தருகிறது என்று உச்ச நீதிமன்றம் 7–1 என்ற கணக்கில் தீர்த்தது. அந்த விசாரணை நடந்தது ஆனோவர் கவுண்டியில். ரிச்மண்ட் தீயில் ஏடுகளை இழந்த அதே கவுண்டி.

1966-இல் கையெழுத்தான மத்திய தகவல் உரிமைச் சட்டம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அதன் பெயரில் கவுண்டி நீதிமன்றத்துக்கு மனு அனுப்புபவர்கள் வீணாகக் காத்திருப்பார்கள். மேற்சொன்ன பொதுச்சட்ட உரிமையும் அந்தந்த மாநில நீதிமன்ற விதிகளுமே இங்கே பொருந்தும்.

சில கட்டுகள் மூடியே இருக்கும். உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899-இல் குக் கவுண்டியில் தொடங்கியபின் சிறார் வழக்குகளைத் தனியே காக்கும் வழக்கம் பரவியது. தத்தெடுப்புக் கட்டுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கும் சட்டத்தை மினசோட்டா 1917-இல் கொண்டுவந்தது.

நகல் கேட்கும் முறை

முதல் கேள்வி, வழக்கு எந்தக் கவுண்டியில் தாக்கலானது என்பது. ஆள் இருக்கும் ஊர் வேறாகவும் வழக்கு நடந்த ஊர் வேறாகவும் இருக்கலாம். திவால் வழக்கு மத்திய நீதிமன்றத்துடையது. அதைக் கவுண்டியில் தேடிப் பயனில்லை. சொத்துப் பத்திரம் பல மாநிலங்களில் ரிக்கார்டர் எனப்படும் பதிவாளரிடம் இருக்கும், வழக்கு எழுத்தரிடம் அல்ல. உயிலுக்குச் சில மாநிலங்களில் தனி நீதிமன்றம் உண்டு. நியூயார்க்கில் அது சரோகேட் நீதிமன்றம்.

அடுத்தது வழக்கு எண். எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் வாதி, பிரதிவாதி பெயர்வரிசைப் புத்தகத்திலோ அலுவலகத்தில் பொதுமக்களுக்கென வைத்துள்ள கணினியிலோ தேட வேண்டும். தமிழர் பெயர்கள் இங்கே தனிச் சிக்கல் தருகின்றன. தகப்பன் பெயர் குடும்பப் பெயராக ஏறிவிடுவதால், செந்தில் ராமசாமி என்பவரின் வழக்கு 'ராமசாமி' என்ற பெயரில் இருக்கும். தலைப்பெழுத்தை மட்டும் கொடுத்திருந்தால் 'ஆர்' என்ற எழுத்தின் கீழ்கூட இருக்கலாம். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இல்லை என்பதைக் குறிக்க எஃப்.என்.யு என்று அச்சிடுவார்கள். அந்த மூன்றெழுத்தே அவர் பெயராக நீதிமன்றப் பட்டியலிலும் ஏறிவிடுவதுண்டு. எல்லா வடிவங்களிலும் தேடிப் பார்த்த பிறகே வழக்கு இல்லை என்ற முடிவுக்கு வரலாம்.

எழுத்தர் தேடித் தருவார், ஆனால் விலை உண்டு. கலிபோர்னியாவில் பக்கத்துக்கு 50 சென்ட். தேடல் பத்து நிமிடத்தைத் தாண்டினால் 15 டாலர். புளோரிடாவில் பக்கத்துக்கு ஒரு டாலர், தேடலுக்கு ஓராண்டுக்கு 2 டாலர் என்ற கணக்கு. அதனால் ஆண்டு தெரியாமல் போனால் செலவு ஏறும். நேரில் போக முடியாதவர்கள் வழக்கு எண், தேவையான ஆவணத்தின் பெயர், பணவிடை, தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறை ஆகியவற்றோடு கடிதம் அனுப்பலாம். முழுக் கட்டும் வேண்டும் என்று எழுதுவதைவிட, பிராதும் இறுதித் தீர்ப்பும் போதும் என்று குறித்துக் கேட்பது காசையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். பழைய கட்டுகள் வெளிக் கிடங்கில் இருக்கும். வரவழைக்கச் சில நாட்கள் ஆகும். சிறு வழக்குகளைக் குறித்த ஆண்டுகளுக்குப் பின் அழிக்கச் சட்டமே இடம் தருகிறது.

நகல் மூன்று தரம். சாதா நகல் படித்துப் பார்க்க உதவும். சான்றிட்ட நகலில் எழுத்தரின் முத்திரையும் கையொப்பமும் இருக்கும்; வங்கிக்கும் குடிவரவு அலுவலகத்துக்கும் இதுவே வேண்டும். மூன்றாவது வகையில் எழுத்தர் சான்றிட, அவர் எழுத்தர்தான் என்று நீதிபதி சான்றிடுவார். ஒரு மாநிலத் தீர்ப்பை மற்ற மாநிலம் மதிக்க வேண்டும் என்ற அரசியலமைப்பு விதிக்காக 1790-இல் காங்கிரஸ் வகுத்த முறை இது. அமெரிக்காவில் பெற்ற மணமுறிவுத் தீர்ப்பை இந்தியாவில் காட்ட வேண்டியவர்கள், சான்றிட்ட நகலின் மேல் அந்த மாநிலத்தின் அப்போஸ்டில் முத்திரையும் பெற வேண்டும். இம்முத்திரையை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கச் செய்யும் உடன்படிக்கை அமெரிக்காவுக்கு 1981-இலும் இந்தியாவுக்கு 2005-இலும் நடைமுறைக்கு வந்தது.

கணினிக்கு முன்னும் பின்னும்

1930-களின் பெருமந்தத்தில் வேலையிழந்த படித்தவர்களுக்கு அரசு வேலை தந்தபோது, லூதர் எவன்ஸ் தலைமையில் ஒரு குழு கவுண்டி கவுண்டியாகச் சென்று நிலவறையிலும் பரணிலும் என்னென்ன ஏடுகள் இருக்கின்றன என்று பட்டியலிட்டது. 1942-இல் நின்றுபோன அந்தப் பணியின் பட்டியல்கள் இன்றும் பயன்படுகின்றன. 1938-இல் யூட்டா மரபுவழிச் சங்கம் மைக்ரோஃபிலிம் எடுக்கத் தொடங்கியது. பிறகு அதன் ஆட்கள் கேமராவோடு கவுண்டி அலுவலகங்களுக்குப் போனார்கள். மலையைக் குடைந்த அறையில் காத்த அந்தச் சுருள்களை 2021-க்குள் மின்னுருவாக்கி முடித்தார்கள்.

1989-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கூர்மையான கருத்தைச் சொன்னது. ஒருவரைப் பற்றிய தாள்கள் நாடெங்கும் பல நீதிமன்றங்களில் சிதறிக் கிடப்பதும், அவை அனைத்தும் ஒரே கணினியில் தொகுத்துக் கிடைப்பதும் ஒன்றல்ல. சிதறலே ஒருவகை மறைப்பைத் தருகிறது. அப்போது அது மத்திய காவல் துறையின் குற்றப்பதிவுகளைப் பற்றியது. பத்தாண்டுக்குள் கவுண்டி நீதிமன்றங்களுக்கே அந்தக் கேள்வி வந்துவிட்டது. விஸ்கான்சின் 1999-இல் தன் வழக்குப் பட்டியலை இணையத்தில் வைத்தது; மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. பேருந்து ஏறிப் போய் வரிசையில் நிற்க வேண்டியவர்களுக்கு இது பெரிய விடுதலை. கூடவே, வாடகைக்கு வீடு கேட்பவரின் பெயரை நொடியில் சலித்துப் பார்க்கும் தனியார் தகவல் நிறுவனங்களும் பெருகின. வெளியேற்ற வழக்கில் வென்ற குடித்தனக்காரருக்கும், வழக்கு இருந்தது என்பதற்காகவே வீடு மறுக்கப்பட்டது. கலிபோர்னியா 2016-இல் சட்டத்தைத் திருத்தி, வீட்டுக்காரர் 60 நாட்களுக்குள் வென்றால் ஒழிய அக்கட்டு மூடியே இருக்கும் என்றாக்கியது. நீதிபதியின் நடத்தையை மக்கள் கண்காணிக்க இது தடையாகாது. குடித்தனக்காரருக்கோ தலைக்கு மேல் கூரை. அதனால் இத்திருத்தம் நியாயமானதே.

கலிபோர்னிய விதிகள் குற்றவியல், குடும்ப வழக்குகளின் ஆவணங்களை நீதிமன்றத்துக்குள் உள்ள கணினியில் மட்டும் காட்டச் சொல்கின்றன. பிறந்த தேதியையோ ஓட்டுநர் உரிம எண்ணையோ கொண்டு குற்றவழக்குகளைச் சலிக்க ரிவர்சைடு கவுண்டி நீதிமன்றத்தின் இணையதளம் இடம் தந்தது தவறு என்று 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. மறுபுறம், புதிதாகத் தாக்கலாகும் பிராதுகளை அலுவலக வேலை முடியும்வரை காட்ட மறுத்த வென்ச்சுரா கவுண்டி மீது ஒரு நீதிமன்றச் செய்தி நிறுவனம் 2011-இல் வழக்குத் தொடுத்தது. 2020-இல், காலத்தோடு பார்க்கும் உரிமை உண்டு என்ற தீர்ப்பைப் பெற்றது.

பென்சில்வேனியா 2018-இல் இயற்றிய சட்டம், தண்டனையின்றி முடிந்த வழக்குகளையும் சில சிறு குற்றங்களையும் தானாகவே சீல் வைக்க வழி செய்தது. வேறு மாநிலங்களும் அதே வழியில் வந்தன. சீல் வைத்த பிறகும், முன்பே தரவிறக்கிக்கொண்ட நிறுவனங்களிடம் பழைய படி இருந்துவிடலாம். அதைத் திருத்தச் சம்பந்தப்பட்டவரே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எழுத வேண்டியிருக்கிறது. குடியுரிமைக்கோ நிரந்தர வதிவுக்கோ விண்ணப்பிப்பவரிடம், சீல் வைத்த வழக்கானாலும் அது எப்படி முடிந்தது என்ற சான்றிட்ட நகலைக் குடிவரவுத் துறை கேட்கும். ஆகவே வழக்கு தள்ளுபடியானவர்கள், கட்டு மூடப்படும் முன்பே எழுத்தரிடம் போய், முத்திரையிட்ட தள்ளுபடி ஆணையின் நகல் இரண்டு மூன்றைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.